படம் வரட்டும், பார்ப்போம்

சிரிக்கச் சொன்னபோதே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அந்தக் கப்பைக் கையில எடுக்கும்போது லேசா ஒரு சிரிப்பு. பெருசா வேண்டாம். உள்ளேயிருந்து வரணும்," என்றான் டைரக்டர்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பல்லுக்காரிக்குத் தெரியாதா என்ன? பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து தரும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் மேடையில் காட்டும் சிரிப்பு, அவள் மெழுகில் செதுக்கி வார்த்துக் கொடுத்த சிரிப்புதான். அச்சு எடுத்த பசையில் ஒட்டிக்கொண்டு வரும் முந்தின நாள் சாப்பாட்டுத் துணுக்கையும் நாற்றத்தையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அவள் அந்தச் சிரிப்பைத் தொடங்குவாள். ஆகையால் சிரிப்பின் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. பட்டறையில் ஒட்டிக்கொண்ட பல்லுக்காரி என்ற பேர் ஆஸ்பத்திரி வரைக்கும் பரவிவிட்டது. அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

முதலில் ஒரு கண் மங்கியது. பல்லின் நிறத்தைப் பார்த்துப் பொருத்துகிறவளுக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிந்தால் பிழைப்பு என்னாகும்? பிறகு விரல் நுனிகள் மரத்தன. அப்புறம் இடது கால். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடுகிற நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற நோய். ரப்பர் உரிந்த ஒயரில் விளக்கு ஒரு சமயம் எரியும், ஒரு சமயம் எரியாது, அப்படித்தான் அவள் உடம்பும். காலையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அரை நாள் பட்டறை வேலையைக்கூட முடித்துவிட்டு வந்துவிடுவாள். மதியம் ஆனதும் யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல விழுந்துவிடுவாள். மூத்திரம் வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் பேச்சுவார்த்தைக்கே இடம் இருக்காது.

ஆனால் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள். வீட்டில் எல்லாரும் சொன்னது இதைத்தான், நாளுக்கு நாலு தடவை சொன்னார்கள்.

வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். கணவன் மோட்டார் உதிரிபாகக் கடையில் கவுண்டர் பார்க்கிறான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பான், அவ்வளவுதான். அடுத்தது மாமியார். மூன்றாவது நாத்தனார், ஒரு அழகு நிலையத்தில் கூலிக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறவள். சொந்தமாக ஒரு பார்லர் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதில் தப்பில்லை. ஆனால் அவள் கண் விழுந்த இடம் பல்லுக்காரியும் கணவனும் படுக்கிற கீழ் அறை. தெருப் பக்கம் ஜன்னல், தனிக் கதவு, ஒட்டினாற்போலக் கழிப்பறை. பார்லருக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

"மேல காத்து நல்லா வரும்மா. நீ பாட்டுக்கு நிம்மதியா படுத்துக்கலாம்," என்றாள் மாமியார்.

மாடியில் அறை இருக்கிறது, கழிப்பறை இல்லை. ஒவ்வொரு தடவையும் இறங்கி வர வேண்டும். படியில் இறங்குவதும் ஏறுவதும் தனக்கு எவ்வளவு பாடு என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"டாக்டர்கூட நடக்கணும்னுதானே சொன்னாரு? ஏறி இறங்கினா ஒரு எக்ஸர்சைஸ் மாதிரியும் ஆச்சு," என்றாள் மாமியார். கொடுமைக்காகச் சொல்லவில்லை. மருமகளுக்கு இருப்பது சோம்பல் கலந்த பயம் என்று அவள் மனதார நம்பினாள்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் பேச்சு வந்தது.

சினிமா என்றால் பல்லுக்காரி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். ஆனால் ஆஸ்பத்திரி ஆலோசகி இந்த நோய்க்காரர்களை வாரம் ஒரு நாள் கூட்டிவைத்து ஒரு படத்தின் துண்டைப் போட்டுக் காட்டி, நடுவில் நிறுத்திப் பேசச் சொல்வாள். ஒருநாள் போட்டது ஒரு நீண்ட பயணத்தைப் பற்றிய படம். அதில் வருகிறவன் யார் தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்கிறான். ஆலோசகி படத்தை நிறுத்திவிட்டு, "ஏன் இவர் குடிக்க மாட்டேங்கறார்?" என்று கேட்டாள். எல்லாரும் கடமை, துக்கம் என்று ஏதேதோ சொன்னார்கள்.

பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த ஆள், பல வருஷம் பஸ் ஓட்டியவர், டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் மட்டும், "வழியில மூத்திரம் வந்தா எங்க போவான்? அதான் குடிக்கல. நானும் குடிக்கறதில்ல. இப்பக்கூட டயப்பர் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்," என்றார்.

உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பல்லுக்காரி தன் வாயால் அதைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. வீட்டுக்குத் திரும்பும்போது மார்பில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. படத்தில் இருக்கிறவன் தலையில் போட்டுத் தன் கதையைச் சொல்லிவிட முடிகிறது, இது நல்ல வித்தைதான் என்று அவளுக்குப் பட்டது.

ஆகவே ஆலோசகி, "குடும்பத்துல இருக்கிறவங்களுக்காகவே ஒரு படம் எடுக்கப் போறோம். ஒரு நோயாளியோட ஒரு நாள், அப்படியே உள்ளது உள்ளபடி. அதைப் பாத்தா வீட்ல புரிஞ்சுக்குவாங்க," என்றதும் பல்லுக்காரி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

வீட்டில் போய்ச் சொன்னாள். "ரூம் விஷயத்தை அந்தப் படம் வர்ற வரைக்கும் தள்ளி வைங்க. படத்தைப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

"சரி, படம் வரட்டும், பார்ப்போம்," என்றான் கணவன்.

படம் எடுக்க வந்தவன் சின்ன வயசு. சுருள் முடி, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு, பேச்சுக்குப் பேச்சு உணர்ச்சி. டீ போடச் சொன்னான், சிரிக்கச் சொன்னான். ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்க்கச் சொன்னான். வெளியே குப்பை வண்டிதான் நின்றது. "நம்பிக்கையோட பாருங்க அக்கா," என்றான். குப்பை வண்டியை நம்பிக்கையோடு பார்ப்பது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, படியை எடுங்க. அதுதான் முக்கியம்."

எடுத்தான். அவள் முதல் படியில், படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி அதில் வைத்தாள். பிறகு இடது காலைக் கையால் தூக்கி இழுத்துக்கொண்டாள். சில படிகளுக்கு மேல் முடியவில்லை. கேமராவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது, மூத்திரம், இரவில் ஈரத் துணியை யாருக்கும் தெரியாமல் அலசுவது, ஒன்றையும் விடவில்லை. டைரக்டர் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அழுகிறானோ என்று அவள் நினைத்தாள். அழவில்லை, ஜலதோஷம்.

மதியம் பிளக் பிடுங்கிக்கொண்டது. போட்டிருந்த நீலச் சட்டையையும் கறுப்பு பேன்ட்டையும் மாற்றி நைட்டியைப் போட்டுக்கொண்டு படுத்தவள், அவர்கள் எப்போது கிளம்பிப் போனார்கள் என்றுகூடத் தெரியாமல் தூங்கினாள்.

படம் காட்டும் நாளில் ஆஸ்பத்திரி அரங்கு நிறையக் கூட்டம். படத்துக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளைக்காரர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். பல்லுக்காரியின் குடும்பத்துக்கு மூன்றாவது வரிசை. ஒருபக்கம் கணவன், மறுபக்கம் மாமியார், அதற்கப்பால் நாத்தனார். நடைபாதையில் சக்கர நாற்காலியோடு டிரைவர். இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் இவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. 'ஒவ்வொரு படியும் வெற்றியே' என்று பெரிய எழுத்தில் வந்தது.

டீ போட்டாள், சிரித்தாள். குப்பை வண்டியை நம்பிக்கையோடு பார்த்தாள், குப்பை வண்டியைக் காணோம், அந்த இடத்தில் பறவைகள் பறந்தன. அப்புறம் அவள் கேமராவைப் பார்த்துப் பேசுகிற இடம். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மூத்திரத்தைப் பற்றி அவள் பேசிய இடத்தில் வயலின் வைத்திருந்தார்கள். அசைகிற வாயையும் அந்த இசையையும் சேர்த்துப் பார்த்தால் கடவுளை வேண்டிக்கொள்கிறவள்போல இருந்தாள்.

அடுத்து படி வந்தது. அவள் முதல் படியில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் வாடியிருக்கிறது. ஒரு கணம் திரை இருண்டது. பிறகு பின்னாலிருந்து கால்கள் மட்டும். நீலச் சட்டையின் ஓரம், கறுப்பு பேன்ட், குதிகால் வார் இல்லாத செருப்பு. ஒரு படி. இன்னொரு படி. கைப்பிடியை விரல் லேசாகத் தொட்டும் தொடாமலும். வயலினோடு தபேலாவும் சேர்ந்துகொண்டது. கால்கள் மாடி வரைக்கும் போய் வெளிச்சத்துக்குள் மறைந்தன.

அரங்கே கைதட்டியது.

பல்லுக்காரிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. நான் எப்போது ஏறினேன் என்றுதான் யோசித்தாள். மருந்து மயக்கத்தில் ஏறிவிட்டு மறந்தோமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்புறம் செருப்பைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. குதிகால் வார் இல்லாத செருப்பை அவள் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கழன்று விழுந்தாலும் காலுக்குத் தெரியாது, வெறுங்காலோடு தெருவில் பாதி தூரம் போயிருப்பாள். பேன்ட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. அவள் குள்ளம், அவள் பேன்ட் அவளுக்குத் தரையைத் தொடும். அந்த வீட்டில் அவளைவிட உயரமான பெண் ஒருத்திதான்.

டூப். சண்டைக் காட்சிக்கு டூப் போடுவார்கள், மாடியிலிருந்து குதிக்க டூப் போடுவார்கள். நோயாளி படி ஏறுவதற்கு டூப் போட்டிருக்கிறார்கள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "எவ்வளவு அழகா ஏறுற. நான் சொன்னேன்ல, உன்னால முடியும்னு."

இந்தப் பக்கம் கணவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் குனிந்து கைப்பேசியில் எதையோ தேடினாள்.

நடைபாதையிலிருந்து டிரைவர் அவள் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா பல்லுக்காரி, காலை எப்ப மாத்துனாங்க? எனக்கும் ஒரு ஜோடி சொல்லி வைக்கக் கூடாதா?"

வாரம் ஒரு நாள் பார்க்கிற மனுஷனுக்கு அவள் கால் எது என்று தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

வெளியே வரும்போது ஆலோசகி ஓடி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நம்பிக்கை தர்ற மாதிரி இருக்கணும்னு பணம் குடுத்தவங்க கேட்டாங்களாம். நான் முன்னாடியே போட்டுப் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும் மேடம்," என்றாள் பல்லுக்காரி. நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளைப் பார்த்தாலும் அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

டாக்ஸியில் நாத்தனார் முன்னால் உட்கார்ந்தாள். மற்ற மூவரும் பின்னால்.

"ஏறினது நீதானே?" என்று முன் இருக்கையைப் பார்த்துக் கேட்டாள் பல்லுக்காரி.

நாத்தனார் திரும்பவில்லை. "ஒரு ஷாட்டுதான் அண்ணி, காலு மட்டும்தான்னு சொன்னாங்க. சும்மா விளையாட்டாத்தான் ஏறினேன். இப்படிச் சேத்து ஒட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏமாந்துபோன முகம். ஆனால் அதுவும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. "சரி, யார் காலா இருந்தா என்ன? பாக்கறவங்களுக்கு ஒரு தைரியம் வருதுல்ல?" என்றாள்.

பல்லுக்காரி கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியும்," என்றான். "நான் கடையிலேர்ந்து சாப்பிட வந்தேன். நீ அசந்து தூங்கிட்டிருந்த. ஏறுற ஷாட் ஒண்ணு இல்லாம படம் முடியாதுன்னு அந்தப் பையன் கெஞ்சினான். உன்னை எழுப்ப மனசு வரல. நான்தான் தங்கச்சியை நிக்கச் சொன்னேன். உன் சட்டையை எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

"தெரிஞ்சுமா கை தட்டினீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் இருந்த நல்ல குணம். "அது உன் கால் இல்லன்னு தெரியும். ஆனா அந்த மியூசிக்கோட பாக்கும்போது நீதான் ஏறிப் போறன்னே தோணிச்சு. பழையபடி நீ நடக்கற மாதிரி. ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தான் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. அது தப்பா?"

படம் யாருக்கோ உதவத்தான் செய்திருக்கிறது. நோயாளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை வைத்துக்கொண்டால் நோயைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உட்கார்ந்திருந்த சீட்டு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அவன் தோள், டாக்ஸியில் தொங்கவிட்டிருந்த வாசனை அட்டை, எல்லாமே அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் மெதுவாகத் தொடங்கினாள். "படம் வந்ததும் முடிவு பண்ணலாம்னு நீயே சொன்ன..."

"ஆமா அத்தை, பண்ணலாம். எல்லாரும் சோபாவுல உக்காருங்க. படம் இன்னும் பாக்கல நீங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சோபாவுக்கு நேர் எதிரே மாடிப்படி. பல்லுக்காரி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படிக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு வசதி தெரிந்தது. பின்பக்கமாக ஏறுகிறவளுக்குப் பார்க்கிறவர்கள் முகம் முழுக்கத் தெரியும்.

கையை ஊன்றினாள். இடுப்பைத் தூக்கினாள். காலை இழுத்தாள். மறுபடி கையை ஊன்றினாள். நாள் முழுக்க உட்கார்ந்து, எரிந்து, ஓய்ந்த உடம்பு. கை நடுங்கியது. தலை முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்குவது அந்த வீடு முழுக்கக் கேட்டது. வயலின் வாசிக்க ஆள் இல்லை.

"போதும்மா, புரிஞ்சுது, இறங்கு," என்றாள் மாமியார்.

"கட் சொல்ல டைரக்டர் வரலையே அத்தை. முழுசாப் பாருங்க."

பாதிப் படியில் அது வந்தது. அடக்கிப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. துணியை நனைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த படியின் விளிம்பிலிருந்து அடுத்த படிக்குச் சொட்டி, அங்கிருந்து அதற்கடுத்த படிக்கு இறங்கியது. நாற்றம் பரவியது. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காதவளின் மூத்திரம், கொஞ்சம் இருந்தாலும் காட்டமாக இருக்கும்.

மாமியார் கையால் மூக்கைப் பொத்தினாள். நாத்தனார் எழுந்தாள்.

"உக்காரு. இன்னும் முடியல," என்றாள் பல்லுக்காரி.

கணவன் சுவரைப் பார்த்தான்.

"இங்க பாருங்க. அங்க ஒண்ணும் இல்ல. நான் இங்க இருக்கேன்."

அவன் பார்த்தான். அவன் முகம் சுளித்தது. சுளிப்பை மறைக்க முயன்றான், வரவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்த முகங்களில் ஒன்றுகூட உண்மையில்லை, இதுதான் உண்மையான முகம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஈரத்தின் மேலேயே கையை ஊன்றி அடுத்த படிக்கு இடுப்பைத் தூக்கினாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து கிடந்தாள். இறங்குவதற்கு உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. அதைச் சொல்லவும் வாயில் தெம்பில்லை.

நாத்தனார்தான் வாளியும் துணியும் எடுத்து வந்தாள். அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே மேலே வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே துடைத்தாள். மேலே வந்ததும் அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்து, தானும் உட்கார்ந்து உட்கார்ந்தே கீழே இறக்கிக்கொண்டு போனாள். கழிப்பறையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும்போது, "பார்லருக்கு வேற இடம் பாத்துக்கறேன் அண்ணி," என்றாள்.

"உன்மேல எனக்குக் கோபம் இருக்கு," என்றாள் பல்லுக்காரி.

"இருக்கட்டும்," என்றாள் அவள், சோப்பைப் போட்டுக்கொண்டே.

மாமியாரும் அறையைப் பற்றி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து வைத்தாள், இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்டாள். அறை அவளுக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே முடிவாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் கணவன் அறைக்குள் வந்தான். கட்டிலில் அவன் படுக்கிற பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நீ தாராளமாப் படுத்துக்கோ. நான் மேல இருக்கேன். ஏதாவது வேணும்னா கூப்பிடு."

"சரி," என்றாள்.

அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். மாடிப்படியில் அவன் கால் சத்தம் கேட்டது. வேகமாக, ஒரு படி விட்டு ஒரு படி தாவி ஏறினான். அவள் இடது காலைக் கையால் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.